இரவெல்லாம் ரெண்டர் ஓடும் மேசைக்கு எந்த ப்ராசசர்?

நீண்ட கடிதம். இரண்டு முறை படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். பெயரோ ஊரோ வரக்கூடாது என்று வாசகர் கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு ஆறு ஆண்டுகளாகத் தனியாகத் தொழில் செய்கிறார். கட்டடங்களின் உட்புறத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மாடல் செய்து, அதை ரெண்டர் செய்து (மாடலைக் கணினி கணக்கிட்டுப் படமாக்குவது) படங்களாகவும் சிறு அனிமேஷன்களாகவும் கொடுக்கிறார். எப்போதாவது நீர், புகை சிமுலேஷன் வேலையும் வரும். கையில் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் 2018இல் வந்த ரைசன் 7 2700எக்ஸ், எட்டு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்). 32 ஜிபி ரேம் போதாமல், போன ஆண்டு இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கிப் போட்டு 64 ஜிபி ஆக்கியிருக்கிறார். கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபிதான் இருக்கிறது. பெரிய காட்சிகள் அதில் கொள்ளாததால் ப்ராசசரிலேயே ரெண்டர் செய்கிறார். மாதத்துக்கு ஒரு அனிமேஷன், சுமார் 600 ஃபிரேம், ஃபிரேமுக்குப் பத்து நிமிடம்.

கடந்த எட்டு மாதத்தில் மூன்று முறை, நடுராத்திரியில் விண்டோஸ் நின்றுபோய் நீலத் திரை வந்து ரெண்டர் பாதியில் அறுந்திருக்கிறது. மூன்றாவது முறை வேலையைக் கொடுக்க வேண்டிய கெடு தவறி, பழைய வாடிக்கையாளர் ஒருவர் விலகிப் போய்விட்டார். "வீட்டு உபயோக ப்ராசசரை வைத்துக்கொண்டு தொழில் செய்தது என் தப்பு" என்று எழுதுகிறார். இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ். இரண்டு, அண்ணனிடம் கடன் வாங்கி 32 கோர் த்ரெட்ரிப்பர் 9970எக்ஸ், வொர்க்ஸ்டேஷன் எனப்படும் கனரகத் தொழில் கணினிகளுக்கான வகை. மூன்று, பழைய சக ஊழியர் ஒருவர் மலிவாகத் தருவதாகச் சொல்லும் த்ரெட்ரிப்பர் ப்ரோ 3975டபிள்யூஎக்ஸ். இதுவும் 32 கோர்தான், ஒரு நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷனிலிருந்து கழற்றியது. எதை எடுப்பது என்பது கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வாடிக்கையாளரை இழந்த வலி உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்த வலியோடு கடைக்குப் போனால் இருப்பதிலேயே பெரியதைத்தான் கை எடுக்கும். அதனால் வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அந்த நீலத் திரை

போன ஆண்டு இரண்டு ரேம் ஸ்டிக் சேர்த்தேன் என்கிறீர்கள். எட்டு மாதமாக மெஷின் விழுகிறது என்கிறீர்கள். அதற்கு முன் ஐந்து ஆண்டு இதே ப்ராசசர் இரவிரவாக ரெண்டர் செய்திருக்கிறது. அப்போது அது ஒருமுறைகூட விழுந்ததாக நீங்கள் எழுதவில்லை. சந்தேகம் ப்ராசசர் மேல் போக வேண்டியதில்லை, ரேம் மேல் போக வேண்டும்.

ரேம் பெட்டியில் வேகம் 3200 என்று போட்டிருந்தது, பயாஸில் (மெஷின் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்துக்கு ரேமை ஏற்றும் தெரிவை, ஆன் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 2700எக்ஸுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் ரேம் வேகம் 2933தான். அதுவும் இரண்டு ஸ்டிக் போட்டால். நான்கு இடத்தையும் நிரப்பினால் ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை ஏறும், உறுதியாகத் தாங்கும் வேகம் இறங்கும். வெவ்வேறு சமயத்தில் வாங்கிய இரண்டு ஜோடிகள் என்றால் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் சிப்புகளே வேறாக இருக்கலாம். பகலில் மாடல் செய்யும்போது இது வெளியே தெரியாது. எல்லா கோரும் சூடேறி, ரேம் முழுக்க நிறைந்து, மூன்று நான்கு மணி நேரம் ஓடிய பிறகுதான் ஒரு பிட் தப்பாகப் படிக்கப்படும். அது தப்பான இடத்தில் விழுந்தால் நீலத் திரை.

இதே புகாரோடு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். புது ப்ராசசருக்கு முன்பணமே கட்டியிருந்தார். யுஎஸ்பியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் போட்டு ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் திரை நிறையச் சிவப்பு வரிகள். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அடுத்த இரவும் ஓட்டினேன். நான்கு சுற்றும் சுத்தம், ஒரு பிழைகூட இல்லை. அவர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

உங்கள் மெஷினிலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், இந்த வாரமே. எக்ஸ்எம்பியை அணையுங்கள். ஓர் இரவு மெம்டெஸ்ட். அடுத்த இரவு முழு ரெண்டர், கூடவே ப்ராசசரின் வெப்பத்தைப் பதிவு செய்யும் ஒரு மென்பொருள். ஆறு ஆண்டு ஓடிய மெஷின், ப்ராசசரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கும், இடையில் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள். இதில் பிழை அகப்பட்டால், நீங்கள் கடன் வாங்கப் புறப்பட்ட காரணங்களில் பாதி அங்கேயே விழுந்துவிடும்.

இந்தப் பாடம் புது மெஷினுக்கும் பொருந்தும். 9950எக்ஸில் இரண்டு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ வேகம் டிடிஆர்5 5600. நான்கு போட்டால் அதே ப்ராசசருக்கு ஏஎம்டி சொல்வது 3600. பலரும் இதைப் பார்க்காமல் நான்கு ஸ்டிக் வாங்கிவிட்டு, பிறகு கணினி சரியில்லை என்று வருந்துகிறார்கள். சாதாரண வகை மதர்போர்டு என்றால் 48 ஜிபி இரண்டு அல்லது 64 ஜிபி இரண்டு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"வொர்க்ஸ்டேஷனில்தான் இசிசி ரேம் உண்டு, அதனால்தான் அது விழாது" என்றும் எழுதியிருந்தீர்கள். இதில் பாதி சரி. இசிசி ரேம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். அது தேவையில்லாத ஆடம்பரம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை பதிவானதாகக் கண்டார்கள். ஆனால் இசிசி வொர்க்ஸ்டேஷனுக்கு மட்டும் உரியதில்லை. ரைசன் 9 வகையும் இசிசியை ஏற்கும், அதை ஆதரிக்கும் மதர்போர்டாகப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், டிடிஆர்5 ரேம் எல்லாவற்றிலுமே இசிசி இருக்கிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். ரேமிலிருந்து ப்ராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது பார்ப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

உங்கள் நாள் எதற்காகக் காத்திருக்கிறது

"கோர் இரண்டு மடங்கு என்றால் நேரம் பாதி" என்ற கணக்கில் உங்கள் முழுத் திட்டமும் நிற்கிறது. அந்தக் கணக்கு உங்கள் வேலையில் ஓர் இடத்தில் கிட்டத்தட்ட சரி, ஓர் இடத்தில் பாதி சரி, இன்னோர் இடத்தில் முழுக்கத் தப்பு.

தப்பாகப் போகும் இடம், நீங்கள் ஒரு நாளில் அதிக நேரம் செலவிடும் மாடலிங். நாளை மாடல் செய்யும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ப்ராசசர் வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். கோருக்கு இரண்டு வீதம் 16 சிறு கட்டங்கள் வரும். மாடலின் வடிவை மாற்றும் ஒரு கனமான மாடிஃபையரைப் போட்டு, திரை உறையும்போது அந்தக் கட்டங்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று மட்டும் உச்சியில் நிற்கும், அல்லது அந்த உச்சி ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். மற்றவை தரையோடு கிடக்கும். மொத்தப் பயன்பாடு 6 சதவீதம் என்று காட்டும். மெஷின் சும்மாதானே இருக்கிறது, பிறகு ஏன் உறைகிறது என்று தோன்றும். 16இல் ஒரு பங்கு 6.25 சதவீதம். அந்த ஒன்று மூச்சு முட்ட ஓடுகிறது, மற்ற பதினைந்துக்கும் கொடுக்க வேலை இல்லை.

இந்த இடத்தில் உதவுவது ஒற்றைக் கோரின் வேகம். 9950எக்ஸ் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டும். 9970எக்ஸ் 5.4 வரை. இரண்டும் ஒரே தலைமுறைக் கோர்கள்தான். அதாவது பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் மெஷினில் உங்கள் பகல்வேலை ஒரு நூல் மெதுவாகத்தான் நடக்கும். நல்ல ப்ராசசர் என்றால் எல்லாவற்றிலும் வேகம் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான்.

பாதி சரியாக வரும் இடம் சிமுலேஷன். 1967இல் ஜீன் ஆம்டால் சொன்ன ஒரு வாதம் இங்கே அப்படியே பொருந்துகிறது. வேலையின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கவே முடியாது என்றால், எத்தனை கோர் சேர்த்தாலும் அந்தப் பகுதி அப்படியே நிற்கும். பத்தில் ஒன்பது பங்கைப் பிரிக்க முடியும் என்று வைத்துப் பாருங்கள். 16 கோரில் ஒரு கோரை விட 6.4 மடங்கு வேகம் கிடைக்கும். 32 கோரில் 7.8 மடங்கு. 64 கோர் போட்டாலும் 8.8தான். பதினாறுக்கு மேல் நீங்கள் கூட்டும் ஒவ்வொரு கோரும் கொஞ்சம்தான் திருப்பித் தரும்.

கணக்கு கிட்டத்தட்ட சரியாக வருவது ரெண்டரில். ஃபிரேமைச் சிறு சிறு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம், கோர்கள் ஒன்றையொன்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் 600 ஃபிரேம் இப்போது 100 மணி நேரம் எடுக்கிறது. 2700எக்ஸிலிருந்து 9950எக்ஸுக்கு மாறினால் ரெண்டர் மூன்று முதல் நான்கு மடங்கு வேகமாகும் என்பது என் மதிப்பீடு. குறைத்தே மூன்று மடங்கு சொச்சம் என்று வைத்தால் 30 மணி நேரம். 9970எக்ஸில் 17 மணி நேரத்தை ஒட்டி வரலாம். கோர் இரட்டிப்பானாலும் எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றின் வேகமும் சற்று இறங்குவதால் சரிபாதி ஆகாது. ஆக, 32 கோர் உங்களுக்கு மாதத்துக்கு 13 மணி நேரம் மிச்சப்படுத்துகிறது. அதில் பெரும்பகுதி நீங்கள் தூங்கும் நேரம். இந்த 13 மணி நேரத்துக்காகத்தான் அண்ணனிடம் கடன் கேட்கப் போகிறீர்கள்.

என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வேலை நாட்கள் ஒரு நோட்டை மேசையில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், கட்டங்கள் எல்லாம் நிறைந்தனவா, ஒன்று மட்டுமா, ரேம் எவ்வளவு போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்த நேரத்தையும் தூங்கும்போது மெஷின் ஓடிய நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். முதல் கணக்குதான் உங்களைக் களைப்பாக்குகிறது. அதைக் குறைக்கும் பொருளுக்குத்தான் பணம் போட வேண்டும்.

பெரிய ப்ராசசர் யாருக்குத் தேவை

இவ்வளவு சொன்னதால் வொர்க்ஸ்டேஷன் வகையே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் சிறப்பு கோர் எண்ணிக்கையை விட, அந்தக் கோர்களைச் சுற்றியிருக்கும் பாதைகளில் இருக்கிறது.

ரேமுக்குப் போகும் பாதை சாதாரண வகையில் இரண்டு. 5600 ரேம் போட்டால் நொடிக்கு 89.6 ஜிபி செல்லும். 9970எக்ஸில் பாதை நான்கு. 6400 ரேமில் 204.8 ஜிபி. ப்ரோ வகையில் எட்டுப் பாதை. கிராபிக்ஸ் கார்டும் எஸ்எஸ்டியும் மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள், 9950எக்ஸில் நீங்கள் பயன்படுத்தக்கூடியவை 24. ஒரு கார்டு 16ஐ எடுத்துக்கொள்ளும், இரண்டு எஸ்எஸ்டி மீதியை முடித்துவிடும். இரண்டாவது கார்டு போட்டால், போர்டு அனுமதித்தால், எட்டு எட்டாகப் பிரியும். த்ரெட்ரிப்பர் ப்ரோவில் 128 லேன்கள். சாதாரண வகை போர்டுகளில் ரேமின் எல்லை 256 ஜிபி. த்ரெட்ரிப்பரில் அது டெராபைட் கணக்கு.

காற்றோட்டக் கணிப்பு (காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிடுவது) செய்யும் ஒருவருக்கு 16 கோர் போதும் என்று நான் ஒருமுறை சொல்லியனுப்பினேன். சில மாதத்தில் கூப்பிட்டார். எட்டுக் கோரில் ஓட்டினாலும் பதினாறில் ஓட்டினாலும் ஒரே நேரம்தான் ஆகிறது என்றார். போய்ப் பார்த்தால், கோர்கள் எல்லாம் ரேமிலிருந்து எண்கள் வந்து சேரக் காத்துக்கொண்டிருந்தன. அந்த வேலைக்கு எட்டுப் பாதை உள்ள மெஷின்தான் சரி, அதை நான் முதலிலேயே கேட்டறிந்து சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வொர்க்ஸ்டேஷனுக்கு மாறியதும் கண்ணெதிரே பலன் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் ரேமைப் பற்றித்தான் முதல் கேள்வி கேட்கிறேன்.

நான்கு கிராபிக்ஸ் கார்டு மாட்டப் போகிறவர், ஒரே காட்சிக்கு 300 ஜிபி ரேம் தேவைப்படுகிறவர், ரேம் பாதையை அடைத்துக்கொள்ளும் கணிப்பு வேலை செய்கிறவர், ஒரு மெஷின் முடிக்கும் வரை பத்துப் பேர் சம்பளத்தோடு காத்திருக்கும் இடம் வைத்திருப்பவர். இவர்களுக்கு வொர்க்ஸ்டேஷன் வகை தகும். நீங்கள் எழுதியதில் இவற்றில் எதுவும் இல்லை. உங்கள் மிகப் பெரிய காட்சியே 50 ஜிபி ரேமைத் தாண்டவில்லை.

சேர்ந்து வரும் சுமையையும் சொல்லிவிடுகிறேன். 9970எக்ஸின் மின்தேவை 350 வாட். 9950எக்ஸுக்கு 170 என்று எழுதியிருக்கும், முழுச் சுமையில் 230 வரை இழுக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் வெப்பமாக உங்கள் அறைக்குள்தான் இறங்கும், மெஷின் பக்கத்திலேயே படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 9970எக்ஸுக்கு ரெஜிஸ்டர்டு ரேம் என்ற, சர்வர்களில் போடும் வகைதான் போட வேண்டும், சாதாரண ரேம் அந்த இடத்தில் பொருந்தவே பொருந்தாது. த்ரெட்ரிப்பருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு பழுதானால் திரையே வராது. 9950எக்ஸில் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால், கார்டு வாரண்டிக்குப் போயிருக்கும் நாட்களிலும் மெயிலாவது அனுப்பலாம்.

"பத்து வருஷம் கவலையில்லை" என்கிறீர்கள். 2019இல் த்ரெட்ரிப்பருக்கான டிஆர்எக்ஸ்40 போர்டு வாங்கியவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த போர்டுக்கு த்ரெட்ரிப்பர் 3000 வரிசையோடு கதை முடிந்தது, அடுத்த தலைமுறை அதற்கு வரவே இல்லை. மாறாக, உங்கள் மேசையில் இருக்கும் சாதாரண ஏஎம்4 போர்டைப் பாருங்கள். பயாஸைப் புதுப்பித்தால் 2020 இறுதியில் வந்த 16 கோர் 5950எக்ஸ் அதிலேயே உட்காரும். மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இது நீங்கள் எழுதாத நான்காவது வழி. கைவசம் பணம் மிகக் குறைவு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கழற்றி விற்கும் ப்ரோ சிப்

இதைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன், வாங்காதீர்கள்.

முதல் காரணம், பூட்டு. வொர்க்ஸ்டேஷன் தயாரிக்கும் சில நிறுவனங்கள், பாதுகாப்புக்காக ப்ராசசரைத் தங்கள் போர்டோடு நிரந்தரமாகப் பிணைத்துவிடுகின்றன. சிப்புக்குள் ஒரு முறை எரித்துவிட்டால் மாற்ற முடியாத பதிவு அது. அப்படிப் பிணைத்த சிப்பைக் கழற்றி வேறு நிறுவனத்தின் போர்டில் போட்டால் மெஷின் தொடங்கவே தொடங்காது, திரையில் ஒன்றும் வராது. மேலே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் உங்கள் நண்பரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. எந்த மாடல் மெஷினிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். நீங்கள் வாங்கப்போகும் போர்டிலேயே போட்டு ஓட்டிக் காட்டினால்தான் பேச்சு என்று சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் எளிது. அது 2020இல் வந்த சிப், உச்ச வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ். இன்றைய கோருக்கும் அதற்கும் இடையில் மூன்று தலைமுறை. அதன் 32 கோர் சேர்ந்து ரெண்டர் செய்யும் வேகத்தை 9950எக்ஸின் 16 கோர் ஏறக்குறைய எட்டிவிடும். மாடலிங்கில் 9950எக்ஸ் தெளிவாக முந்தும். அதற்கான போர்டும் இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். வாரண்டியும் உங்கள் கைக்கு வராது.

புதிதாக வாங்கும்போதும் உங்கள் உரிமையைக் கவனியுங்கள். பெட்டியோடு வரும் ப்ராசசருக்குத் தயாரிப்பாளரின் மூன்றாண்டு வாரண்டி உண்டு. பெட்டி இல்லாமல் தட்டிலிருந்து எடுத்துத் தருவது சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் அதற்குப் பொறுப்பு விற்றவர் மட்டுமே, அதை பில்லில் எழுதி வாங்கியிருந்தால். இன்னொன்று, எக்ஸ்போ என்ற ரேம் வேகத் தெரிவும் ஏஎம்டியின் பார்வையில் ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. அதனால் நேரும் பழுது வாரண்டிக்குள் வராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

9950எக்ஸ் எடுப்பேன். 64 ஜிபி ஸ்டிக் இரண்டு, அதிகாரபூர்வ வேகத்தில். போர்டு இசிசியை ஆதரித்தால் இசிசி ரேமே போடுவேன், கெடுவுக்குள் வேலையைக் கொடுக்க வேண்டியவருக்கு அந்த நிம்மதி பெரிது. அண்ணனிடம் கடன் கேட்க மாட்டேன்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பணத்தில் மிஞ்சுவதை, ப்ராசசரை மறந்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டுக்குத் திருப்புவேன். கடிதத்தின் தொடக்கத்திலேயே நீங்கள் சொன்ன காரணம் அதுதான்: காட்சி 8 ஜிபியில் கொள்ளவில்லை, அதனால்தான் ப்ராசசரில் ரெண்டர் செய்கிறேன். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதியான சைக்கிள்ஸ் கிராபிக்ஸ் கார்டில் நன்றாக ஓடும், பல காட்சிகளில் எந்தப் பெரிய ப்ராசசரையும் விட வேகமாக. உங்கள் தடை கார்டின் நினைவக அளவு. உங்கள் வழக்கமான காட்சிகள் எவ்வளவு எடுக்கின்றன என்பதை ரெண்டர் ஓடும்போது பிளெண்டரே மேலே காட்டும், கடந்த ஆறு மாத வேலைகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை 20 ஜிபிக்குள் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 3090 அல்லது 4090 போன்ற 24 ஜிபி கார்டு போதும். அதைத் தாண்டினால் 5090இல் 32 ஜிபி உண்டு. ஆனால் அது தனியாகவே 575 வாட் இழுக்கும், பவர் சப்ளை 1000 வாட்டுக்குக் குறையக் கூடாது. அதிலும் கொள்ளாத ஒன்றிரண்டு காட்சிகளுக்கு 128 ஜிபி ரேமோடு ப்ராசசர் இருக்கவே இருக்கிறது.

பாகங்கள் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே இடத்தில் வாங்குங்கள். திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் ஓர் இரவு மெம்டெஸ்ட், ஒரு முழுநாள் ரெண்டர் ஓட்டிவிடுங்கள். பழுதான பாகம் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே தன்னைக் காட்டிவிடும். அந்த நாட்களில் வாடிக்கையாளர் வேலையை அதில் ஏற்றாதீர்கள்.

பழைய மெஷினை விற்க வேண்டாம். அனிமேஷனை நேரடியாக வீடியோவாக ரெண்டர் செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள், அதை இன்றே நிறுத்துங்கள். வீடியோவாக எழுதும்போது 580ஆவது ஃபிரேமில் மெஷின் விழுந்தால் மொத்தமும் போகும். உங்களுக்கு மூன்று முறையும் நடந்தது அதுதான். ஃபிரேம்களைத் தனித்தனிப் படங்களாக ஒரு ஃபோல்டரில் எழுதச் சொன்னால், விழுந்த இடத்திலிருந்து தொடரலாம், கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பது சில நிமிட வேலை. பிளெண்டரின் அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட் என்பதை எடுத்துவிடுங்கள், பிளேஸ்ஹோல்டர்ஸ் என்பதைப் போடுங்கள். இப்போது இரண்டு மெஷினிலும் ஒரே கோப்பைத் திறந்து, பொதுவான ஒரு ஃபோல்டரைக் காட்டி, ரெண்டரைத் தட்டுங்கள். ஒவ்வொன்றும் அடுத்த காலி எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும், ஒன்று செய்ததை மற்றது தொடாது. ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். விழுந்த மெஷின் கையில் வைத்திருந்த எண்ணில் மட்டும் பூஜ்ஜிய அளவில் ஒரு வெற்றுக் கோப்பு கிடக்கும். காலையில் அதை அழித்துவிட்டு மறுபடி தட்டினால் போதும்.

ஐந்து நாள் நோட்டு முடிந்ததும், மெம்டெஸ்ட் என்ன சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கட்டங்கள் நான் நினைத்தபடி இல்லாமல், நாள் முழுக்க எல்லாமே நிறைந்து நின்றதாக உங்கள் நோட்டு சொன்னால், 32 கோரைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.